இரும்பு பேசாது, காகிதம்தான் பேசும்

(தானா ராத்தாவில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கேமரன் மலைக்கு வருகிறவர்கள் தேயிலைப் பொட்டலமும் ஸ்ட்ராபெரிப் பழமும் வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். இந்த மலையில் காசு கொடுக்காமல் கிடைக்கும் சரக்கு ஒன்றும் உண்டு. அது கதை. தானா ராத்தாவில் எந்தத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தாலும் ஒரு கதை கிடைக்கும்.

அவற்றில் பெரிய கதை ஜிம் தாம்ப்சன் கதை. இரண்டாம் உலகப் போரில் ஓ.எஸ்.எஸ். என்ற அமெரிக்க உளவுப் படையில் அதிகாரியாக இருந்தவர் அவர். போர் முடிந்ததும் பேங்காக்கில் தங்கி, தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனார். 1967-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு பிற்பகலில், தானா ராத்தாவின் 'மூன்லைட்' பங்களாவிலிருந்து தனியாக நடந்து போனவர் திரும்பி வரவேயில்லை. போலீசாரும் ராணுவத்தினரும் ஓராங் அஸ்லி வழிகாட்டிகளும் காட்டைச் சல்லடை போட்டுத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை.

இப்போது ஒரு கற்பனை. துருப்பிடித்த கைத்துப்பாக்கி ஒன்றை ஒருவர் துணியில் சுற்றிக் கொண்டுவருகிறார். "இது தாம்ப்சன் துரை வைத்திருந்தது. காட்டில் கிடைத்தது. எங்கள் தாத்தா எடுத்து வைத்தார்" என்கிறார். நம்புவதா, வேண்டாமா? நம்புவதென்றால் எதைப் பார்த்து நம்புவது? அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அவர் அதைக் கையில் வைத்திருக்கலாமா?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதுதான் இன்றைய பேச்சு. விடை தேடிப் போகும் வழியில், துப்பாக்கியைவிடப் பெரிய ஒன்று நம் வீடுகளிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருப்பதும் தெரியவரும்.

ஒரே துப்பாக்கி, இரண்டு விலை

அமெரிக்கா போன்ற நாடுகளில் பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பது பெரிய பொழுதுபோக்கு, பெரிய வியாபாரமும்கூட. தபால்தலை சேகரிப்பவர்களைப் போலவே இவர்களுக்கும் தனி ஏலங்களும் தனி நூல்களும் உண்டு. ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில், ஒரே அச்சில் வார்த்த இரண்டு துப்பாக்கிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று யாருடையது என்று தெரியாது. மற்றொன்று இன்ன பட்டாளத்தில் இன்ன அதிகாரி இன்ன போரில் வைத்திருந்தது என்பதற்குக் காகிதம் இருக்கிறது. முதலாவதன் விலையைப் போலப் பல மடங்கு இரண்டாவதற்குக் கிடைக்கும். இரும்பில் வித்தியாசம் இல்லை. பூர்வீகத்தில்தான் வித்தியாசம்.

பூர்வீகம் என்ற சொல்லை மனிதர்களுக்குத்தான் பயன்படுத்துகிறோம். "உங்களுக்குப் பூர்வீகம் எங்கே? தஞ்சாவூரா, சேலமா?" என்று கேட்கிறோம். பொருளுக்கும் பூர்வீகம் உண்டு. எங்கே பிறந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, நடுவில் எங்கே கிடந்தது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அது.

பூர்வீகத்துக்கு விலை இருப்பதால் பொய்ப் பூர்வீகமும் சந்தைக்கு வரும். ஆகவே அனுபவப்பட்ட சேகரிப்பாளர்கள் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கதைக்குக் காசு கொடுக்காதே. முதலில் பொருளைப் பார், பிறகு காகிதத்தைப் பார், கதையைக் கடைசியில் கேள்.

எண் சொல்லும் சாட்சி

பொருளைப் பார்ப்பது என்றால் என்ன? ஓர் எடுத்துக்காட்டு. சிங்கர் தையல் இயந்திரம் தெரியாத தோட்டத்துக் குடும்பம் இருக்காது. அதே சிங்கர் நிறுவனம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காகக் கைத்துப்பாக்கியும் செய்தது. கோல்ட் நிறுவனத்தின் 1911 மாதிரித் துப்பாக்கி அது. தையல் இயந்திரக்காரர்களால் துப்பாக்கி செய்ய முடியுமா என்று பார்க்கத்தான் அந்த ஆர்டர் கொடுக்கப்பட்டது. சிங்கர் செய்தது மொத்தம் 500 துப்பாக்கிகள்தான். எண்கள் எஸ் 800001-இல் தொடங்கி எஸ் 800500-இல் முடிந்தன. அவற்றில் ஒன்று 2017-ஆம் ஆண்டு ஏலத்தில் 4 லட்சம் டாலருக்கு மேல் போனது. இப்போது ஒருவர் சிங்கர் துப்பாக்கி என்று ஒன்றைக் காட்டுகிறார். எண் அந்த ஐந்நூறுக்குள் இல்லை. அவர் எவ்வளவு உருக்கமாகக் கதை சொன்னாலும் அந்த ஓர் எண் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னோர் எடுத்துக்காட்டு, நமக்குப் பக்கத்தில். ஜப்பானிய ராணுவம் மலாயாவுக்குக் கொண்டுவந்த கைத்துப்பாக்கிகளில் 'நம்பு' 14-ஆம் வகை முக்கியமானது. ஒல்லியான குழல், 8 மில்லிமீட்டர் தோட்டா. அதன் வலப்பக்கத்தில் செய்த ஆண்டும் மாதமும் பொறித்திருக்கும். ஆனால் ஆங்கில ஆண்டு அல்ல, ஜப்பானியப் பேரரசரின் ஆட்சி ஆண்டு. ஹிரோஹிட்டோவின் ஆட்சி 1926-இல் தொடங்கியது. அதனால் பொறித்திருக்கும் எண்ணோடு 1925-ஐக் கூட்ட வேண்டும். "17.8" என்று இருந்தால் 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம்.

கணக்கு எங்கே உதவுகிறது பாருங்கள். ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8. சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. "கோத்தா பாருவில் இறங்கிய முதல் அதிகாரியின் இடுப்பில் இருந்தது" என்று சொல்லி விற்க வரும் துப்பாக்கியில் "17.8" என்று இருந்தால், கதையில் வரும் படையெடுப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் அந்தத் துப்பாக்கி பிறந்திருக்கிறது! இதைச் சொல்ல நீதிமன்றம் தேவையில்லை, கூட்டல் தெரிந்தால் போதும்.

ஆனால் எண்ணும் முத்திரையும் ஓரளவுக்குத்தான் கொண்டுபோகும். துப்பாக்கி எப்போது, எங்கே பிறந்தது என்று சொல்லும். யார் இடுப்பில் இருந்தது என்று சொல்லாது. ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். அதனால் "இன்னாருக்கு வழங்கப்பட்டது" என்று அரசுப் பேரேட்டில் தேடிப் பயனில்லை. அமெரிக்காவில் நிலைமை கொஞ்சம் மேல். கோல்ட் நிறுவனத்துக்கு எண்ணை எழுதிப் போட்டால், பழைய பேரேட்டைப் பார்த்து, அந்தத் துப்பாக்கி எந்தத் தேதியில் எங்கே அனுப்பப்பட்டது என்று கடிதம் தருவார்கள். போரில் எதிரியிடம் பிடித்த துப்பாக்கியை ஊருக்குக் கொண்டுபோன அமெரிக்கச் சிப்பாய்க்கு, மேலதிகாரி கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. இன்று அந்தச் சீட்டோடு சேர்ந்து வரும் துப்பாக்கிக்குத்தான் மதிப்பு. மங்கிப்போன அந்தத் துண்டுக் காகிதம் சில வேளைகளில் துப்பாக்கியின் விலையையே ஏற்றிவிடுகிறது.

கறுப்புச் சாயத்துக்கு அடியில்

காகிதம் என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவிலிருந்து ஒரு நிகழ்ச்சி. லாகூரில் 1928 டிசம்பர் 17-ஆம் தேதி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேய போலீஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் 1931 மார்ச் 23-ஆம் தேதி பகத் சிங் தூக்கிலிடப்பட்டார். அவர் பயன்படுத்திய .32 கோல்ட் கைத்துப்பாக்கி என்ன ஆயிற்று என்பது பல ஆண்டுகளாகப் பொதுமக்களுக்குத் தெரியவில்லை.

அது எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. லாகூரிலிருந்து பஞ்சாபின் பில்லோர் போலீஸ் பயிற்சிப் பள்ளிக்கு வந்திருந்தது. 1969-இல் அங்கிருந்து வேறு சில ஆயுதங்களோடு இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக்குப் போனது. அங்கே காட்சிப் பெட்டியில் மற்றத் துப்பாக்கிகளோடு சும்மா கிடந்தது. துருப்பிடிக்காமல் இருக்க யாரோ நல்லெண்ணத்தில் கறுப்புச் சாயம் பூசிவிட்டார்கள். எண் மறைந்துவிட்டது. ஒரு பத்திரிகையாளர் பழைய பதிவேடுகளைப் பிடித்துக்கொண்டே போனதில், 2016-இல் சாயத்தைச் சுரண்டிப் பார்த்தார்கள். அடியில் இருந்தது 168896. வழக்குப் பதிவேட்டில் இருந்த அதே எண்!

யோசித்துப் பாருங்கள். அத்தனை ஆண்டுகளும் துப்பாக்கி கண்ணெதிரேதான் இருந்தது. பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு அது நூற்றில் ஒரு துப்பாக்கி. காகிதத்தில் இருந்த எண்ணும் இரும்பில் இருந்த எண்ணும் சந்தித்தபோதுதான் அது பகத் சிங்கின் துப்பாக்கி ஆயிற்று. அதற்குப் பிறகு அது பஞ்சாபின் ஹுசைனிவாலாவில் உள்ள அரும்பொருளகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சியும் உண்டு. 1971 டிசம்பர் 16-ஆம் தேதி டாக்காவில், பாகிஸ்தான் ராணுவத்தின் கிழக்குப் பிரிவுத் தளபதி நியாஸி, இந்தியத் தளபதி ஜெகஜித் சிங் அரோராவிடம் சரணடைந்தார். அப்போது தம் ரிவால்வரையும் எடுத்துக் கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், படக்கருவிகள் சுற்றி நிற்க நடந்த நிகழ்ச்சி அது. அந்த ரிவால்வர் டேராடூனில் உள்ள இந்திய ராணுவக் கழகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இதைவிடப் பலமான பூர்வீகம் வேண்டுமா?

ஆனால் அன்று உடனிருந்த தளபதி ஜேக்கப், பின்னாளில் டாக்கா சரணடைவைப் பற்றி எழுதிய நூலில் ஒரு சந்தேகத்தை எழுப்பினார். அந்த ரிவால்வரை அவர் கையில் வாங்கிப் பார்த்தாராம். சாதாரணச் சிப்பாய்க்குக் கொடுக்கும் .38 ரகம். குழல் பல நாள் துடைக்காமல் அழுக்கடைந்து கிடந்தது. கட்டியிருந்த கயிறும் அழுக்கேறி நைந்திருந்தது. ஒரு தளபதியின் சொந்த ஆயுதம் இப்படியா இருக்கும்? யாரோ ஒரு ராணுவப் போலீஸ்காரரிடமிருந்து வாங்கி, தம்முடையது போல் நியாஸி நீட்டியிருக்க வேண்டும் என்பது ஜேக்கப்பின் கருத்து.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் யாருக்கும் தெரியாமல் கிடந்த துப்பாக்கிக்கு எண் சாட்சி சொன்னது. மற்றொன்றில் உலகமே பார்த்த ஒப்படைப்பு, ஆனால் அதற்கு முந்தைய நாள் அது யாரிடம் இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. கண்ணால் கண்டதுகூட அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் சாட்சி.

இந்த மலையடிவாரத்தின் கணக்கு

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நானும் ஒன்று வாங்கிச் சேர்க்கலாமே" என்று இளைஞர் யாராவது நினைத்தால், அவருக்கு மலேசியச் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும்.

1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் கூடுதல் தண்டனைச் சட்டப்படி, சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும். போலித் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம்தான். "பழசு, துருப்பிடித்தது, தாத்தா காலத்தது" என்பதெல்லாம் உரிமம் ஆகாது.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை? அதற்கு இந்த மண்ணின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கினால், அருகில் பீடோர். அதன் மேலே உள்ள மலைக்காட்டில்தான் ஜப்பானியர் காலத்தில் பிரிட்டிஷாரின் 136-ஆம் படை அதிகாரிகள் ஒளிந்திருந்தார்கள். ஜப்பானியரை எதிர்த்த மலாயா மக்கள் படையோடு உடன்பாடு கண்டதும் அங்கேதான். 1945-இல் வானத்திலிருந்து ஆயுதங்கள் காட்டுக்குள் இறங்கின. போர் முடிந்து, அந்த ஆண்டு டிசம்பரில் அந்தப் படையைக் கலைத்தபோது, ஆயுதத்தைக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி கொடுத்தார்கள். எல்லா ஆயுதமும் திரும்பவில்லை. ஒரு பகுதி காட்டிலேயே புதைந்திருந்தது.

அது மறுபடி வெளியே வந்தது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாட்டில் அவசரகாலம் வந்தது. தோட்டத் துரைமார் இடுப்பில் ரிவால்வரோடு மலைக்குப் போனார்கள். உரிமமில்லாத ஆயுதத்தை வைத்திருந்தாலே தூக்கு என்று அவசரகால விதி வந்தது.

அந்த விதியின் கீழ்தான் ஒரு தமிழர் தூக்கிலிடப்பட்டார். 'மலாயா கணபதி' என்று நம் மக்கள் நினைவில் வைத்திருக்கும் எஸ்.ஏ.கணபதி. தஞ்சைச் சீமையிலிருந்து சிறு வயதில் வந்தவர். ஜப்பானியர் காலத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். போருக்குப் பிறகு அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். 1949-இல் ரவாங் பக்கத்தில் ஒரு ரிவால்வரோடும் ஆறு தோட்டாக்களோடும் பிடிபட்டார். 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தண்டனையைக் குறைக்கக் கோரி இந்திய அரசு கேட்டும் பயனில்லை.

ஒரு மனிதரின் உயிரை எடுத்தது அந்த ரிவால்வர். அதிலிருந்து ஒரு தோட்டாவாவது புறப்பட்டதா என்பது கேள்வியல்ல. அந்த விதிக்கு அது யாருடையது, எந்தப் போரில் யார் இடுப்பில் இருந்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற பூர்வீகம் எதுவும் தேவைப்படவில்லை. கையில் இருந்தது, அது போதும்.

ஆகவே, நேயர்களே, போர்க்காலத் துப்பாக்கி என்பது இந்த நாட்டுத் தமிழருக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கும் பொருளாக மட்டும் இருந்ததில்லை. அதன் பூர்வீகத்தை ஏலக்காரர்கள் மட்டும் கேட்டால் போதாது, நம் சமுதாயமும் கேட்க வேண்டும்.

சட்டமும் வரலாறும் எங்கும் மோதிக்கொண்டே இருக்கின்றன என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் 1996-இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் கைத்துப்பாக்கிகளை ஏறத்தாழ முழுதாகத் தடை செய்தார்கள். அந்தச் சட்டத்திலேயே இரண்டு சிறு கதவுகளைத் திறந்து வைத்தார்கள். 1946 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன் போர் நினைவுப் பொருளாகக் கிடைத்தவற்றையும், வரலாற்று முக்கியத்துவம் உள்ளவற்றையும் கட்டுப்பாடுகளோடு வைத்திருக்கலாம். ஆனால் அது அப்படிப்பட்டதுதான் என்று காட்ட வேண்டும். அங்கேயும் கதவைத் திறப்பது காகிதம்தான்.

கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டி

இங்கே இரும்பைச் சேர்க்க வழியில்லை. அது அரும்பொருளகத்தின் வேலை. போர்ட்டிக்சனில் உள்ள தரைப்படை அரும்பொருளகத்திலும் கோலாலம்பூரில் உள்ள போலீஸ் அரும்பொருளகத்திலும் அந்தக் காலத்து ஆயுதங்களைப் பார்க்கலாம். ஆனால் காகிதத்தைச் சேர்க்க எந்தச் சட்டமும் தடையில்லை. அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது? தேயிலைத் தோட்டத்து வீடுகளில், கட்டிலுக்கு அடியில், தகரப் பெட்டிக்குள் இருக்கிறது.

அவசரகாலத்தில் தோட்டங்களைக் காக்க ஆயிரக்கணக்கில் சிறப்புக் காவலர்களைச் சேர்த்தார்கள். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சேர்ந்ததற்கும் விலகியதற்கும் கொடுத்த சீட்டு வீட்டில் இருக்கலாம். 1948-இல் பன்னிரண்டு வயதைக் கடந்த அனைவருக்கும் படமும் கைரேகையும் வைத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். கம்யூனிஸ்டுகளைத் தேடப் பிறந்த அட்டைதான் அது. ஆனால் தோட்டத்துப் பாட்டிகள் பலருக்கும் இளவயது முகம் பதிந்த முதல் காகிதம் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்களின் படம், வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு, துரை எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதம் என்று இன்னும் எத்தனையோ.

இவையெல்லாம் வெறும் நினைவுப் பொருள் அல்ல. 1972-இல் இந்திய அரசு விடுதலைப் போராட்டக்காரர்களுக்கு ஓய்வூதியம் அறிவித்து, ஐ.என்.ஏ. வீரர்களையும் அதில் சேர்த்தது. ஆனால் சான்று கேட்டது. காட்டில் நடந்ததற்கும் பட்டினி கிடந்ததற்கும் சான்று இல்லாதவர் எங்கே போவார்? ஒரு சீட்டு இருந்தால் வீரர், இல்லாவிட்டால் வெறும் கிழவர்.

இன்னும் கொடுமையானது சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. அந்த ஓர் இடத்தில் மட்டும் சுமார் 7,000. பெரும்பாலான கல்லில் பெயரும் படைப்பிரிவும் இறந்த தேதியும் பொறித்திருக்கிறது. ராணுவம் பெயரெழுதி வைத்திருந்தது, அதனால் கல் கிடைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். அவர்களுக்கு அப்படியொரு கல் வரிசை இல்லை. காவலுக்கு நின்ற ஜப்பானிய அதிகாரியின் இடுப்பில் இருந்த துப்பாக்கிக்கு எண் இருந்தது, பிறந்த ஆண்டும் மாதமும் பொறித்திருந்தது. அதன் முன்னால் மண் சுமந்தவனுக்கு அதுவும் இல்லை.

இந்த வாரமே செய்யக்கூடியது

அழுது பயனில்லை. இருப்பதைக் காப்பாற்றலாம்.

முதலாவது, கேமரன் மலையின் ஈரம் காகிதத்துக்கு எமன். பூஞ்சணம் பிடிக்கும், கரையான் ஏறும். பழைய காகிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, ஒவ்வொன்றையும் தனி உறையில் போடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், பசை நாடா ஒட்டாதீர்கள். இரண்டும் கொஞ்ச காலத்தில் எழுத்தையே தின்றுவிடும். பகத் சிங் துப்பாக்கியில் பூசிய சாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காப்பாற்றப் போய் மறைத்துவிடக் கூடாது. கைப்பேசியில் இரண்டு பக்கமும் படமெடுத்து, ஊரில் உள்ள பிள்ளைக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

இரண்டாவது, படங்களுக்குப் பின்னால் பென்சிலால் பெயரெழுதுங்கள். பெயர் தெரிந்த கடைசி ஆள் இருக்கும்போதே எழுத வேண்டும்.

மூன்றாவது, பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். அதில்தான் சேகரிப்பாளர்களின் பாடம் உதவும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு கட்டம் போடுங்கள். என்ன சொன்னார், யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார், அவரே கண்டதா, கேட்டதா? "தாத்தா ஐ.என்.ஏ.வில் இருந்தார்" என்பது ஒரு கட்டம். "ஆதாரம்: சித்தப்பா சொன்னது" என்பது இன்னொரு கட்டம். இரண்டையும் கலக்காதீர்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே எழுதினால், அதை நாளைக்கு ஒருவர் நம்புவார். கேள்விப்பட்டதைக் கண்டதாக எழுதினால், உண்மையில் கண்டதையும் சேர்த்து யாரும் நம்பமாட்டார்கள். நியாஸியின் ரிவால்வருக்கு நேர்ந்தது அதுதான்.

நான்காவது, தோட்டம் வெட்டும்போதோ வீடு இடிக்கும்போதோ துப்பாக்கியோ தோட்டாவோ குண்டோ கிடைத்தால், தொடாதீர்கள், துடைக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள். எண்பது ஆண்டு மண்ணில் கிடந்த குண்டும் வெடிக்கும். அது கிடந்த இடம், ஆழம், பக்கத்தில் இருந்தது எல்லாம் வரலாறு. எடுத்த நிமிடத்திலேயே அந்தச் சாட்சி கலைந்துவிடும்.

தொடக்கத்தில் ஒருவர் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாரே, அவருக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். "ஐயா, முதலில் இதைப் போலீசில் ஒப்படையுங்கள். அவர்கள் எண்ணைப் பார்க்கட்டும். தாம்ப்சன் துரையுடையதா என்பதற்கு எண்ணும் காகிதமும் பதில் சொல்லட்டும். ஆனால் நீங்கள் சொன்னதில் இன்னொரு பெயரும் வந்தது. உங்கள் தாத்தா. அவர் எந்த ஊரிலிருந்து வந்தார்? எந்த ஆண்டில் இந்த மலைக்கு ஏறினார்? ஜப்பான்காரன் காலத்தில் எங்கே இருந்தார்? அதற்கு ஏதாவது காகிதம் வீட்டில் இருக்கிறதா?"

துரையின் துப்பாக்கியைப் பற்றி அவருக்கு அத்தனையும் தெரிந்திருந்தது. தாத்தாவைப் பற்றிக் கேட்டதும் அவர் யோசிக்கத் தொடங்கினால், இன்று மாலையே அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். நேயர்களும் அதையே செய்யலாம்.